நெல்லை என்று எழுத எத்தனை பைட்?

‘கம்ப்யூட்டருக்கு 0, 1 என்ற இரண்டே எண்கள்தான் தெரியும்’ என்ற வரி இல்லாத கணினிப் பாடப்புத்தகத்தை நான் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு எண் முறைகள் பாடம் எடுக்கும்போது ஒவ்வொரு வருஷமும் அந்த வரியைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு, பதின்ம எண்ணை இரண்டால் வகுத்து மீதியைக் கீழிருந்து மேலாக எழுதும் கணக்குக்குப் போய்விடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ஒரு கல்யாணப் பத்திரிகையோ, ஒரு பாட்டோ, அம்மாவின் குரலோ எப்படி அந்த 0, 1-க்குள் போய் உட்காருகிறது என்று கேட்டால் வகுப்பே கப்சிப். அதற்கு நிதானமாக ஒரு பதில் எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. ஒரு பழைய ஹார்ட் டிஸ்கோடு மல்லுக்கட்டிய பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்த வரியையே கொஞ்சம் திருத்த வேண்டும். கம்ப்யூட்டருக்கு 0-வும் தெரியாது, 1-ம் தெரியாது. சில்லுக்குள் இருப்பது மின்னழுத்தம். டிடிஎல் என்ற பழைய வகைச் சில்லை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் அழுத்தம் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அது ஒரு நிலை. 2 வோல்ட்டுக்கு மேலே இருந்தால் இன்னொரு நிலை. இடைப்பட்டதை நம்பக்கூடாது என்று விட்டுவிட்டார்கள். ஹார்ட் டிஸ்கில் அந்த இடத்தில் காந்தப்பூச்சின் திசை இருக்கிறது. பென் டிரைவில், கண்ணுக்குத் தெரியாத ஓர் அறைக்குள் எலக்ட்ரான்கள் சிக்கியிருக்கின்றனவா இல்லையா என்பது இருக்கிறது. சிடியில் குழியும் மேடும் மாறுகிற விளிம்பு. எங்கேயும் எண் என்று ஒன்று கிடையாது. இரண்டில் எது என்று சந்தேகமில்லாமல் பிரித்துச் சொல்ல முடிகிற ஒரு பௌதிக நிலை, அவ்வளவுதான். அதற்கு 0 என்றும் 1 என்றும் பெயர் வைத்தது நாம்.

ஏன் இரண்டு, பத்தாக இருக்கக்கூடாதா என்று நல்ல பிள்ளைகள் கேட்பார்கள். இருக்கலாம். பத்து நிலை வைத்த இயந்திரங்களும் இருந்திருக்கின்றன. ஆனால் 5 வோல்ட்டைப் பத்தாகப் பங்கு வைத்தால் ஒவ்வொரு நிலைக்கும் அரை வோல்ட்தான் இடம். சில்லு சூடானால், பக்கத்துக் கம்பியில் மின்சாரம் பாய்ந்தால், ஏழு எட்டாகிவிடும். இரண்டே நிலை என்றால் நடுவில் பெரிய இடைவெளி விடலாம். கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் செய்தி கெடாது. இந்த இரட்டை நிலையை வைத்து எந்தத் தர்க்கத்தையும் கணக்கையும் சுவிட்சுகளால் கட்டிவிடலாம் என்று 1937-ல், அமெரிக்காவின் எம்ஐடியில் தன் முதுகலை ஆய்வேட்டில் காட்டியவர் கிளாட் ஷானன். அப்போது அவருக்கு 21 வயது. 1948-ல் தகவலையே அளக்கலாம் என்று சொல்லிய கட்டுரையில் அதற்கான அலகை ‘பிட்’ என்று எழுதினார். பெயரைச் சொன்னவர் ஜான் டூக்கி என்று அதிலேயே குறிப்பிட்டும் இருக்கிறார்.

இனி ஒரு பிட்டை வைத்து என்ன செய்வது? ஆம், இல்லை என்பதைத் தவிர எதையும் சொல்ல முடியாதே. இங்கேதான் எனக்கு எங்கள் ஊர் அளவைகள் கைகொடுக்கின்றன. திருநெல்வேலிச் சீமையின் பழைய வீடுகளில் நாழியும் உழக்கும் இன்னும் பரணிலோ பூசை அறையிலோ இருக்கும். கல்யாணத்துக்கு நிறைநாழி வைக்க எடுப்பார்கள். 2 ஆழாக்கு 1 உழக்கு. 2 உழக்கு 1 உரி. 2 உரி 1 நாழி. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல இரண்டு மடங்கு. இந்த நான்கு பாத்திரங்களையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு மேல் நிரப்பக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 ஆழாக்கு நெல் அளக்க வேண்டும். நாழி நிறைய ஒன்று, அது 8 ஆழாக்கு. உரி வேண்டாம். உழக்கு ஒன்று, அது 2. ஆழாக்கு ஒன்று. ஆச்சு 11. பெரியதிலிருந்து சிறியதாக, நிரப்பியதற்கு 1, நிரப்பாததற்கு 0 என்று எழுதினால் 1011. இருநிலை எண் என்று புத்தகம் சொல்வது இதைத்தான்.

நான்கு பாத்திரங்களை வைத்து, ஒன்றுமே இல்லாததிலிருந்து 15 ஆழாக்கு வரை 16 அளவுகளைச் சொல்லலாம். எந்த அளவுக்கும் ஒரே ஒரு வழிதான், குழப்பம் வராது. ஐந்தாவதாக இரண்டு நாழி பிடிக்கும் ஒரு பாத்திரத்தைச் சேர்த்தால் 32 அளவுகள். ஒரு பாத்திரம் கூடும்போதெல்லாம் சொல்லக்கூடியது இரட்டிப்பாகிறது. எட்டுப் பாத்திரம் என்றால் 256. எட்டு பிட் சேர்ந்ததை இன்றைக்குப் பைட் என்கிறோம். அந்தச் சொல்லை 1956-ல் ஐபிஎம்மில் வேலை பார்த்த வெர்னர் புக்ஹோல்ஸ் உருவாக்கினார். அப்போது பைட்டில் எத்தனை பிட் என்பதற்குக் கட்டாயம் எதுவும் இல்லை. 1964-ல் வந்த ஐபிஎம் சிஸ்டம்/360 எட்டு என்று வைத்தது. ஊரெல்லாம் அதுவே பழகிவிட்டது. (கிலோபைட் 1000-மா 1024-ஆ என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. 32 ஜிபி என்று வாங்கிய பென் டிரைவ் கம்ப்யூட்டரில் 29.8 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக நினைக்க வேண்டாம். இருவரும் வேறு வேறு கணக்கில் அளக்கிறார்கள்.)

சரி, 1011 என்று எழுதி வைத்தாயிற்று. அந்தச் சீட்டைப் பத்து வருஷம் கழித்து இன்னொருவர் எடுத்துப் பார்த்தால் அவருக்கு என்ன தெரியும்? 11 என்று தெரியும். அது நெல்லா, உளுந்தா? எந்த ஊர் நாழி? பழைய நாளில் ஊருக்கு ஊர் படியின் கொள்ளளவு மாறும். அந்த ஏற்பாடு எதுவும் சீட்டில் இல்லை. அளந்தவர்களின் தலைக்குள் இருந்தது. கம்ப்யூட்டரில் தகவல் எப்படி இருக்கிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில்தான் பிட். மீதிப் பாதி இந்த ஏற்பாடு. பாடப்புத்தகத்தில் எனக்கு இருக்கும் குறையே, முதல் பாதியைப் பக்கம் பக்கமாக விளக்கிவிட்டு இரண்டாவதை ஓர் அட்டவணையில் அடைத்துவிடுவதுதான்.

01101110 என்ற பைட்டைப் பாருங்கள். பதின்ம எண்ணாக அது 110. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு புள்ளியின் வெளிச்சம் என்று வைத்தால், நடுத்தரத்துக்குக் கொஞ்சம் குறைந்த சாம்பல் நிறம். வண்ணப் படத்தில் ஒரு புள்ளிக்கு இப்படி மூன்று பைட் வேண்டும், சிவப்புக்கும் பச்சைக்கும் நீலத்துக்கும் ஒவ்வொன்று. ஒலி என்றால், ஆடியோ சிடியில் ஒரு விநாடிக்கு 44,100 தடவை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் எழுதுகிறார்கள். இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரு விநாடி உடுக்கைச் சத்தத்துக்கு 1,76,400 பைட். அந்தக் கூட்டத்தில் நம் 110, ஒரு 16 பிட் அளவின் பாதியாகக்கூட இருக்கலாம். இன்டெல் செயலி அதையே கட்டளையாகப் படித்தால், வெளியே ஒரு பைட் அனுப்பு என்று எடுத்துக்கொள்ளும். எழுத்துக்கு எண் கொடுக்க 1963-ல் அமெரிக்காவில் வந்து, 1967-ல் சின்ன எழுத்துகளும் சேர்ந்த ஆஸ்கி அட்டவணையை வைத்துப் படித்தால் 110 என்பது ஆங்கிலச் சின்ன எழுத்து ‘என்’. அப்புறம், தொண்ணூறுகளின் ஒரு தமிழ் டிடிபி கடையில் (கம்ப்யூட்டரில் அச்சுக்கோக்கும் கடை) அதே 110, ‘நெல்லை’ என்ற சொல்லின் முதலில் நிற்கும் ஒற்றைக் கொம்பு.

அந்தக் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆஸ்கி 7 பிட் அட்டவணை, 128 இடம். ஆங்கிலத்தின் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண்கள், நிறுத்தக் குறிகள், அச்சு இயந்திரத்தை ஓட்டும் குறிகள் என்று அத்தனையும் நிரம்பிவிட்டன. எட்டாவது பிட்டைத் திறந்தால் இன்னொரு 128. தமிழுக்கு 247 எழுத்து. முழுசாக வைக்க இடமில்லை. அதனால் எழுத்துரு செய்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டர் ‘என்’ என்று நினைத்துக்கொண்டு இருக்கட்டும். திரையில் வரைகிற உருவத்தை மட்டும் மாற்றிவிடுவோம். பாமினி எழுத்துருவில் ‘நெல்லை’ என்று அடிக்க ஆங்கில விசைகளில் என், ஈ, ஒய், அரைப்புள்ளி, ஐ, ஒய். கொம்பு, ந, ல, புள்ளி, இணைக்கொம்பு, ல. ஆறு பைட்: 110, 101, 121, 59, 105, 121. கோப்பில் தமிழ் என்று எதுவும் கிடையாது. தமிழ் இருந்தது எழுத்துருவில். எழுத்துருவை எடுத்துவிட்டால் பொருளில்லாத ஆங்கில எழுத்துகள்தான் மிச்சம்.

பாமினி பலருக்கும் தெரிந்த ஒன்று. இன்றும் கிடைக்கிறது, மாற்றித் தரும் நிரல்களும் இருக்கின்றன. சிக்கல், ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஓர் ஏற்பாட்டை வைத்துக்கொண்டது. ஒரு கடையில் அடித்ததை அடுத்த கடையில் திறக்க முடியாது. இந்தக் கூத்தை நிறுத்தத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது. தமிழக அரசு டேம், டேப் என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. விசைப்பலகை நிலைத்தது. கடைகளோ தங்கள் பழைய எழுத்துருவிலேயே ஓடிக்கொண்டிருந்தன.

என் மாமா திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அப்படி ஒரு கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கோயில் கொடை நோட்டீஸ் (கொடை என்றால் எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழா). 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரையை மீறி ஜங்ஷன் பக்கக் கடைகளுக்குள் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். தரையோடு இருந்த கம்ப்யூட்டர், காகித ரீம், பிளேட் எல்லாம் போயிற்று. தண்ணீர் வடிந்த பிறகு மாமா போன் செய்தார். “மருமவனே, பரண்ல கெடந்த பழைய பெட்டி அப்படியே இருக்கு. அதுக்குள்ள உங்க பெரியப்பா குடுத்த நோட்டு அடிச்சு வச்சது கெடக்கணும். வந்து பாரேன்.”

பெரியப்பா வில்லுப்பாட்டுக்காரர். சேரன்மகாதேவிப் பக்கத்துக் கொடைகளில் வீசுகோலைக் கையில் எடுத்தால் விடியும்வரை கீழே வைக்கமாட்டார். எங்கள் ஊர் மாடன் கோயிலில் பாடும் கதையை அவருடைய வாத்தியாரிடம் கேட்டு எழுதிய நோட்டு ஒன்று வைத்திருந்தார். கொடைக்குச் சிறு புத்தகமாகப் போடலாம் என்று மாமா கடையில் கொடுத்து அடிக்க வைத்தார். பணம் சேரவில்லை, புத்தகம் வரவில்லை. நோட்டைக் கரையான் தின்றது. பெரியப்பாவும் போய்விட்டார். அந்தக் கதை முழுசாக இருந்த ஒரே இடம் பரணில் கிடந்த அந்தப் பெட்டி.

டிஸ்க், மடிக்கணினியில் நேராகச் செருக முடியாத பழைய ஐடிஇ வகை. அதற்கான அடாப்டர் வாங்கிச் செருகியபோது, இத்தனை வருஷம் ஓடாத தட்டு சுற்றுமா என்று வயிற்றைப் பிசைந்தது. சுற்றியது. ஒரு பிழை இல்லாமல் எல்லாக் கோப்பும் நகலானது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்பிலிருந்து எழுத்தை மட்டும் பிரித்தெடுத்துத் திறந்தால், திரை நிறைய கிறுக்கல். மாமா எட்டிப் பார்த்தார். “இது என்னடே, பூச்சி ஊர்ந்த மாதிரில்லா இருக்கு?” அவர் அப்போது பயன்படுத்திய எழுத்துரு பாமினி இல்லை. பிரிண்டர் செருகும் துளையில் டாங்கிள் என்ற சின்னச் சாவிக் கருவியை மாட்டினால்தான் அந்த எழுத்துருவோடு வந்த மென்பொருள் ஓடும். டாங்கிள் வெள்ளத்தோடு போயிற்று. நிறுவனமும் இப்போது இல்லை. எழுத்துருக் கோப்பு டிஸ்கில் இல்லை, வேறு இடத்தில் வைத்திருந்தாராம்.

ஒரு பிட் கெடவில்லை. பெரியப்பாவின் பாட்டு ஒரு வரிகூட இல்லை. பிட் வேறு, தகவல் வேறு என்று வகுப்பில் வாயால் சொல்வதற்கும், அதை இப்படி முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் ரொம்ப தூரம்.

வழி மாமா கடையிலேயே இருந்தது. தொண்ணூறுகளில் அவர் அடித்த கொடை நோட்டீஸ்களில் ஒரு கட்டு வீட்டில் பத்திரமாக இருந்தது; அந்த நோட்டீஸ்களின் கோப்புகள் டிஸ்கில் இருந்தன. அச்சில் இருக்கும் தமிழையும் கோப்பில் இருக்கும் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அட்டவணையைத் திரும்பக் கட்டலாம். முதலில் எண்ணிக்கை எடுத்தேன். இடைவெளியை விட்டால் மற்ற எல்லாவற்றையும் மிஞ்சி ஓர் எண் வந்துகொண்டே இருந்தது. தமிழில் எதை எழுதினாலும் அடிக்கடி வருவது மெய்யெழுத்தின் புள்ளி. அதை அங்கே போட்டதும் சொற்களின் முடிவுகள் பிடிபட ஆரம்பித்தன. அடுத்து ‘கொடை’. நோட்டீஸில் கொடை விழா, மதியக் கொடை, சாமக் கொடை என்று வரிக்கு வரி அந்தச் சொல் வரும். கோப்பிலும் ஒரே ஐந்து எண்கள் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வந்தன. ஏன் ஐந்து? திரையில் கண் பார்க்கும் வரிசையில் கொம்பு, க, கால், இணைக்கொம்பு, ட. அந்த ஒரு சொல்லில் ஐந்து உருவம் கிடைத்தது. ‘குடியழைப்பு’ ஒரு ழகரம் கொடுத்தது. ‘கணியான் கூத்து’ ணகரமும் கூவன்னாவும். ‘அருள்மிகு’, ‘வில்லிசை’, ‘கால்நாட்டு’, ‘தீர்த்தம்’ என்று ஒவ்வொரு சொல்லும் இரண்டு மூன்று இடத்தை நிரப்பியது. கொடை நோட்டீஸ் அடித்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வார்த்தைகளையே எழுதியதை நினைத்து நான் இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததில்லை.

கிடைத்த அட்டவணையை வைத்துப் பாட்டை யூனிகோடுக்கு மாற்றினேன். யூனிகோடு என்பது உலகத்து எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு எண் கொடுத்துவிடும் ஏற்பாடு. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழ் உண்டு. 2944 முதல் 3071 வரை 128 இடம் தமிழுக்கு ஒதுக்கியது. ‘நெல்லை’ அதில் 2984, 3014, 2994, 3021, 2994, 3016. இங்கேயும் ஆறு குறி, ஆனால் வரிசை வேறு. பாமினியில் கொம்பு முதலில், ந அப்புறம். யூனிகோடில் ந முதலில், எகரக் குறி அப்புறம், உச்சரிக்கும் வரிசை. கொம்பை இடது பக்கம் கொண்டுபோய் வரைவது திரைக்குப் பின்னால் நிற்கும் நிரலின் வேலை. இப்படி ந முன்னால் நிற்பதால், ந-வில் தொடங்கும் சொற்களைத் தேடினால் நெல்லையும் அதில் கிடைக்கிறது.

குறையும் உண்டு. இந்திய மொழிகளுக்கெல்லாம் சேர்த்து இஸ்கி என்று ஒரு குறியீடு இருந்தது. யூனிகோடு அதன் 1988 பதிப்பின் வரிசையை எடுத்துக்கொண்டது. தேவநாகரியின் நான்கு ககரங்களுக்கு இடம் விட்டதால் தமிழில் க-வுக்கும் ங-வுக்கும் நடுவில் மூன்று இடம் காலி. ன என்பது ந-வுக்கு அடுத்தே உட்கார்ந்துவிட்டது, ற என்பது ர-வுக்கு அடுத்து. எண்ணை மட்டும் பார்த்து அகரவரிசைப்படுத்தினால் கனி முதலில், கமலா அப்புறம். நம் நெடுங்கணக்கில் ம முந்தி, ன கடைசி. ஒழுங்கான வரிசை வேண்டுமென்றால் அதற்கென்று தனி அட்டவணை வைத்துத்தான் வரிசைப்படுத்த வேண்டியிருக்கிறது. 247 எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் டேஸ் 16 என்ற முறையை இதற்காகவே உருவாக்கினார்கள். 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு அதையும் ஏற்றது. தமிழின் இலக்கணத்துக்கு டேஸ் 16 பொருத்தமானது என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மாமா கடை டிஸ்கைப் பார்த்த பிறகு என் கட்சி யூனிகோடுதான். நம் வீட்டுக்குள் மட்டும் செல்லுகிற நல்ல ஏற்பாட்டைவிட, எல்லாப் போனும் எல்லாக் கம்ப்யூட்டரும் ஒப்புக்கொண்ட சுமாரான ஏற்பாடு மேல்.

இந்த எண்களைப் பைட்டாக எழுதுவது அடுத்த கேள்வி. 2984 ஒரு பைட்டில் அடங்காது. 1992-ல் கென் தாம்ஸன், ராப் பைக் என்ற இரண்டு கணினி நிபுணர்கள் யூடிஎஃப்-8 என்று ஒரு முறை செய்தார்கள். ஓர் உணவகத்தில் தட்டுக்கு அடியில் விரித்த தாளில் எழுதியது என்று ராப் பைக்கே பதிவு செய்திருக்கிறார். அதன் அழகை ந-வை வைத்தே காட்டிவிடலாம். 2984 இருநிலையில் 101110101000. முன்னால் நான்கு 0 சேர்த்து 16 பிட் ஆக்கி, 0000, 101110, 101000 என்று மூன்று துண்டு. முதல் துண்டின் தலையில் 1110 வைக்கிறார்கள். ‘என்னோடு சேர்த்து மூன்று பைட்’ என்று பொருள். மற்ற இரண்டின் தலையிலும் 10. ‘நான் தொடர்ச்சி, என்னிலிருந்து படிக்க ஆரம்பிக்காதே’ என்று பொருள். வருவது 11100000, 10101110, 10101000. அதாவது 224, 174, 168. கோப்பின் நடுவில் எங்கே விழுந்தாலும், 10-ல் தொடங்காத பைட்டைத் தேடிப் பிடித்தால் எழுத்தின் தொடக்கம் கிடைத்துவிடும். ஆஸ்கி எழுத்துகள் 0-வில் தொடங்கும் ஒரே பைட்டாக அப்படியே இருக்கும். பழைய ஆங்கிலக் கோப்பு ஒன்றும் கெடாது. எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

ஆகவே ‘நெல்லை’ என்று எழுதப் பாமினியில் 6 பைட், யூடிஎஃப்-8-ல் 18 பைட். கண்ணுக்குத் தெரிவதோ மூன்றே எழுத்து. ஆங்கிலத்துக்கு ஒரு பைட், நமக்கு மூன்றா என்று முன்பு நிறையப் பேர் வருத்தப்பட்டார்கள். பெரியப்பாவின் முழுப் பாட்டும் இன்று போனில் எடுக்கும் ஒரு படத்தில் பத்தில் ஒரு பங்கு இடம்கூடப் பிடிக்கவில்லை. இடம் இறுக்கமாக இருக்கும் இடங்களில் அந்த வருத்தம் நியாயம். எஸ்எம்எஸ் அதில் ஒன்று. ஒரு செய்திக்கு 140 பைட், அதாவது 1,120 பிட். ஏழு பிட் ஆங்கில எழுத்தாக 160 அடங்கும். தமிழென்றால் குறிக்கு 16 பிட் வேண்டும், அதனால் 70. நெல்லை என்று ஒரு தடவை எழுதினாலே அதில் ஆறு போய்விடும்.

தமிழுக்கு ஒதுக்கிய அந்த 128 இடத்தில் எந்தக் குறிக்கும் முதல் பைட் 224. இரண்டாவது 174 அல்லது 175. இது தெரிந்தால் ஒரு தொல்லைக்கு விடை கிடைக்கும். அலுவலகத்தில் யாரோ அனுப்பிய பெயர்ப் பட்டியலைத் திறந்தால், தலையில் சாய்கோடு போட்ட சின்ன ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’ என்று வரிசையாக வந்து நிற்கும், பார்த்திருப்பீர்கள். கோப்பு கெட்டுவிட்டது என்று அழிக்காதீர்கள். ஐரோப்பிய எழுத்துகளுக்கான விண்டோஸ் 1252 அட்டவணையில் 224 அந்த ஏ, 174 அந்த வட்டத்து ஆர். உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது. திறக்கிற நிரல் தவறான அட்டவணையை எடுத்துவிட்டது. யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாகிவிடும். அப்படியே சேமித்துவிட்டால்தான் வம்பு.

பாட்டுக்கு வருகிறேன். மாற்றிய கோப்பில் ஓர் இடத்தில் ‘கௌ’ என்ற எழுத்தின் பின்னால் அநாதையாக ஓர் உகரக் குறி தொங்கியது, அப்புறம் ‘த்தி’. பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரத்துக்குத் தனி உருவம் கிடையாது. முன்னால் கொம்பு, பின்னால் ள. அதனால் கொம்பு, க, ள என்று மூன்று எண் வந்தால் அது ‘கௌ’ என்றும் படிக்கலாம், ‘கெள’ என்றும் படிக்கலாம். நிரல் கௌ என்று எடுத்துக்கொண்டது. மாடனுக்குப் படையல் வைக்கும் கட்டம் அது. ஆற்று மீன் பெயர்கள் வரிசையாக வருகின்றன. கெளுத்தி! எந்த அட்டவணையும் இதைத் தீர்க்காது. தாமிரபரணியில் என்ன மீன் இருக்கிறது என்று தெரிந்த ஒருவர்தான் தீர்க்க வேண்டும்.

அதனால் முழுப் பாட்டையும் அச்செடுத்து, பெரியப்பா குழுவில் சின்ன வயதில் சேர்ந்து இப்போது தானே வில்லெடுத்துப் பாடும் ஓர் அக்காவிடம் கொண்டுபோனேன். அவர்களுக்குக் கதை பாதிக்கு மேல் மனப்பாடம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாக முணுமுணுத்தபடியே பென்சிலால் திருத்தினார்கள். ர-வும் காலும் மாறிக் கிடந்த இடங்கள் நிறைய. அச்சில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே உருவம் என்பதால் அடித்தவர் எது கைக்கு வந்ததோ அதைத் தட்டியிருக்கிறார். ஒரே ஓர் எண்ணுக்கு மட்டும் எந்த நோட்டீஸிலும் சாட்சி கிடைக்கவில்லை. ‘வெள்’ என்று வந்து, அந்த எண், அப்புறம் ‘ர்’. நான் அங்கே ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தேன். அக்கா நிறுத்தவே இல்லை. “வெள்ளூர்லேருந்து வந்த கூட்டம்னு அண்ணாச்சி இழுத்துப் பாடுவாவ, அதுல்லா இது” என்று அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். அந்த எண் ‘ளூ’.

இப்போது அந்தப் பாட்டு யூடிஎஃப்-8-ல் வெறும் உரைக் கோப்பாக மூன்று இடங்களில் இருக்கிறது. கூடவே நான் கட்டிய அட்டவணையும், பழைய பைட்டுகள் மாறாத மூலக் கோப்பும். நம் பக்கத்தில் டவுனிலும் ஜங்ஷனிலும் அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் தொண்ணூறுகளிலிருந்து கடை நடத்தியவர்களிடம் இப்படி எத்தனையோ பெட்டிகள் இருக்கும். கோயில் வரலாறு, ஊர் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர், அச்சேறாத கவிதைப் புத்தகம் என்று என்னென்னவோ உள்ளே கிடக்கும். உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், கோப்புகளை நகலெடுப்பதற்கு முன்னால் எழுத்துருக்கள் கிடக்கும் கோப்புறையைத் தேடி எடுங்கள். அதுவும் இல்லை என்றால் அந்தக் கடையில் அடித்த பழைய நோட்டீஸ் ஏதாவது கிடைக்கிறதா என்று பீரோவில் பாருங்கள். எந்தத் தாளையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அட்டவணை கட்ட ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள். என் பிளஸ் ஒன் பிள்ளைகளில் சிலர் இதைச் செய்யப் பழகிவிட்டார்கள். இந்த வருஷம் எண் முறைகள் பாடத்தை நாங்கள் ஒரு கொடை நோட்டீஸிலிருந்துதான் ஆரம்பித்தோம்.